ஐயாயிரத்துக்கு எந்தப் பட்டம் படிப்பது?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களின் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்குத் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை அமர்த்த 2022-ல் உத்தரவு வந்தது. மாதம் ரூ.5,000. இந்த வகுப்புகளைக் கைவிட அந்த ஆண்டு ஜூனில் எடுத்த முடிவு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பெற்றோர் நிம்மதி அடைந்தார்கள். ஊதியத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதி நிலைக்காது போலிருந்தது. வாசலைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே யாரும் நிலைத்து நிற்க முடியாத சம்பளத்தை நிர்ணயிப்பதும் ஒருவகை மூடுவிழாதான்.

ஐயாயிரம் என்ற தொகையைச் சற்று நின்று பார்க்கலாம். மாதம் 22 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ரூ.227. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2022-ல் அறிவிக்கப்பட்ட ஒருநாள் கூலி ரூ.281. கூலி வேலை இழிவல்ல. அந்த 281 ரூபாயே போதாது என்பதுதான் நம் கருத்து. அதைவிடக் குறைவான தொகைக்கு, இருபது முப்பது குழந்தைகளின் அழுகை, கழிப்பறை, பசி, தூக்கம், முதல் எழுத்து எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டினோம்.

அதே ஆண்டு மற்ற வகுப்புகளின் தற்காலிக ஆசிரியர்களுக்கென அறிவித்த ஊதியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதுநிலை ஆசிரியருக்கு 12,000, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, இடைநிலை ஆசிரியருக்கு 7,500. மழலையருக்குக் கற்பிப்பவருக்கு 5,000. பிள்ளையின் உயரத்தை அளந்து சம்பளம் போட்டதுபோல் இருக்கிறது.

படிப்புக்கேற்ற ஊதியம் என்று பதில் வரும். அப்படியானால், மூன்று வயதுக் குழந்தையிடம் வேலை செய்யப் படிப்பு வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? மனையியல் கல்லூரிகளில் குழந்தை வளர்ச்சியைப் பாடமாகப் படிக்கும் மாணவிகள், மழலையர் பள்ளியில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒரே குழந்தையைக் கவனித்துக் குறிப்பெழுதப் பழகுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பையனை மற்றவர்கள் பிடிவாதக்காரன் என்பார்கள். பயிற்சி பெற்றவர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பார்; அப்போதும் திரும்பாவிட்டால் காதைப் பரிசோதிக்கச் சொல்லி அனுப்புவார். கிரேயானை முஷ்டியில் பிடிக்கும் விரல்களிடம் பென்சிலைத் திணித்து 'அ' எழுத வைக்கமாட்டார். முதலில் மாவு பிசைய விடுவார். இவை தாய்மை உணர்வில் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள்தான் ஐயாயிரம் என்று எழுதுவார்கள். பெண்கள்தானே வரப்போகிறார்கள், வீட்டுச் செலவுக்கு ஏதோ உதவும் என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

கல்லூரியில் சேரப்போகும் பெண்ணுக்கு இந்த உத்தரவு என்ன சொல்கிறது? மூன்று ஆண்டு படித்து, கட்டணம் கட்டி, பட்டம் வாங்கி வந்தால் அரசு தரும் விலை இதுதான். விண்ணப்பம் குறையும். பிறகு, போதிய மாணவர் சேர்க்கை இல்லை என்று அந்தப் படிப்பையே இழுத்து மூட இன்னொரு கோப்பு கிளம்பும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ எதிர்த்து மேடைதோறும் முழங்கும் மாநிலம் இது. பிளஸ் டூ முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயம், அதையும் டி.டி.எச். அலைவரிசையிலும் செல்பேசியிலும் நடத்தலாம் என்கிறது அந்தக் கொள்கை. கேலி செய்யவேண்டிய யோசனைதான். ஆனால் கேலி செய்யும் தகுதியை நாம் ஐயாயிரத்துக்கு விற்றுவிட்டோம்.

முடிவெடுப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2019-ல் வகுப்புகளைத் தொடங்கியபோது ஆசிரியர்களைத் தேடவே இல்லை. உபரி என்று கணக்கில் வந்த இடைநிலை ஆசிரியர்களைப் பிடித்து அனுப்பினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கற்பிக்கத்தான் எங்களுக்குப் பயிற்சி என்று அவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். கொரோனா வந்தது, பள்ளிகள் மூடின. அனுப்பியவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். குழந்தைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் அங்கேயே நின்றது.

அதற்கும் முன்னால், 2012-ல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். அன்றைய தொகுப்பூதியம் எவ்வளவு தெரியுமா? இதே ரூ.5,000. அது பத்தாயிரமாக உயர 2021 வரை ஆனது. விடுமுறை என்று கிடைக்காத மே மாதச் சம்பளம் கேட்டும் பணி நிரந்தரம் கேட்டும் அவர்கள் தெருவில் உட்காராத ஆண்டு உண்டா? பத்தாண்டில் அரிசி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, ஆட்சியும் மாறியது. கோட்டையில் அந்தத் தொகையை எழுதும் பேனா மட்டும் மாறவில்லை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் சேரும் ஏழைக் குழந்தைகளுக்காக அந்தப் பள்ளிகளுக்கு அரசு பணம் தருகிறது. தரட்டும். தன் சொந்த வகுப்பறையில் நிற்பவருக்கு என்று வரும்போது மட்டும் நிதி நெருக்கடி நினைவுக்கு வருவது எப்படி? ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கல்வி சட்டப்படியான உரிமை இல்லை, அரசமைப்பின் 45-ஆவது பிரிவு முயற்சி செய்யத்தான் சொல்கிறது என்ற துணிச்சலா?

இந்த ஊதிய உத்தரவைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். மழலையர் கல்வியைப் படித்தவர்களுக்கென்று தனிப் பணியிடம், கௌரவமான ஊதியம் என்ற திசையில் அரசு யோசிக்கத் தொடங்கட்டும். ஜூனில் எடுத்த முடிவைச் சில நாட்களில் மாற்ற முடிந்தவர்களுக்கு இதை மாற்றவும் அதிக காலம் தேவைப்பட்டிருக்காது.