ஜெபமே ஜெயமா?

"ஜெபமே ஜெயம்!" இவ்விரு சொற்களைக் காணாத கிறிஸ்தவ இல்லம் நம் ஊர்ப்பக்கம் உண்டோ? வாசற்படியின் மேலும், நாட்காட்டியின் அடியிலும், ஆட்டோவின் கண்ணாடியிலும், ஏன், நம் தேர்வு அட்டையின் மூலையிலுங்கூட அவை இடம் பிடித்துவிட்டன. இவற்றுக்கு உடன்பிறந்த சகோதரிகள் போல மேலும் இரு வாசகங்கள் நம் காதில் விழுகின்றன. "தனக்குத் தானே உதவுகிறவனுக்கே கடவுள் உதவுவார்" என்பது ஒன்று. "விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும், கிடைக்கவில்லையென்றால் உன் விசுவாசம் போதாது" என்பது மற்றொன்று.

இவை உண்மைதாமா? பக்தியுள்ளவருக்கு வெற்றி உறுதிதானா? இப்படிக் கேட்பதே பாவம் என்று தோழியர் சிலர் அஞ்சலாம். அஞ்ச வேண்டியதில்லை. கண்ணால் கண்டாலன்றி நம்பேன் என்று நின்ற புனித தோமையாரைத்தானே இந்தியாவின் திருத்தூதர் என்று போற்றுகிறோம்!

முதலில் இவ்வாசகங்களின் பக்கம் நின்று பேசுவோம். ஜெபம் மனத்தை ஒருமுகப்படுத்துகிறது. விடியற்காலையில் எழுந்து ஜெபமாலை சொல்லும் மாணவி, அதே விடியலில் பாடத்தையும் படித்துவிடுகிறாள். வினாத்தாளைக் கையில் வாங்கும்போது ஒரு நொடி கண் மூடிச் சிலுவை அடையாளம் வரைகிறவளுக்கு நடுக்கம் குறைகிறது. மறந்த விடை நினைவுக்கு வருகிறது. வெற்றி பெற்றவள், "இது என் திறமையால் மட்டும் வந்ததன்று" என்று தாழ்மையோடு கூறும்போது, அவள் வாயில் "ஜெபமே ஜெயம்" என்னும் சொல் அழகாகவே இருக்கிறது. இதை யார் மறுப்பார்?

ஆனால் இவ்வாசகங்களை ஒரு சட்டமாக, ஒரு கணக்காகக் கொள்ளும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

"தனக்குத் தானே உதவுகிறவனுக்கே கடவுள் உதவுவார்" என்பதை விவிலிய வசனம் என்றே பலர் நம்பியிருக்கின்றனர். விவிலியத்தின் முதல் நூலிலிருந்து கடைசி நூல் வரை தேடினாலும் அது கிடைக்காது! அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1736ஆம் ஆண்டுக்கான தம் பஞ்சாங்கத்தில் அதை அச்சிட்டார். அதற்கும் மிக முந்தைய ஈசாப் கதைகளில், சேற்றில் வண்டி சிக்கியவனுக்கு எர்க்குலிசு என்னும் கிரேக்க தேவன் சொல்லும் அறிவுரையும் இதுவேதான். சோம்பேறிக்கு நல்ல மருந்துதான், ஐயமில்லை. ஆனால் நற்செய்தி காட்டும் ஆண்டவர் யாருக்கு உதவினார்? தனக்குத் தானே உதவ முடியாத திமிர்வாதக்காரனுக்கு. கட்டிலோடு பிறர் தூக்கி வந்த நோயாளிக்கு. ஒற்றை மகனை இழந்து அழுத கைம்பெண்ணுக்கு அன்றோ!

வேளாங்கண்ணிக்குச் சென்றவர்கள் அங்குள்ள காணிக்கைப் பொருள்களின் காட்சிக்கூடத்தைப் பார்த்திருப்பர். கேட்ட வரம் பெற்றோர் நன்றியோடு வைத்துச் சென்ற காணிக்கைகள் அங்கே நிறைந்துள்ளன. பார்க்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதே அன்னையின் திருமுன் அதே கண்ணீரோடு மண்டியிட்டுக் கேட்டது கிடைக்காமல் வீடு திரும்பியோர் எத்தனை பேர்? அவர்கள் எதையும் வைத்துச் செல்வதில்லை. அவர்களுக்கென ஒரு காட்சிக்கூடமும் இல்லை. லூர்து நகரில் 1858ஆம் ஆண்டு அன்னை காட்சியளித்த நாள் முதல் கோடிக்கணக்கானோர் அங்கே சென்றுள்ளனர். திருச்சபை புதுமை என்று முறையாக அறிவித்த குணங்களோ எழுபதுக்குச் சற்று மேல்தான். அன்னையை நேரில் கண்ட பெர்னதெத் அம்மாளே நோயில் வாடி, 1879ஆம் ஆண்டு தம் 35ஆம் வயதில் இறந்தார். அவருக்கா விசுவாசம் குறைவு?

நம் வகுப்பறைக்கே வருவோம். நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் இந்து, இசுலாமியத் தோழியர் எத்துணைச் சிறப்பாகத் தேர்ச்சி பெறுகின்றனர்! மதிப்பெண் என்பது விசுவாசத்தின் அளவுகோலாயின், அவர்தம் உழைப்புக்கு நாம் என்ன பெயர் சூட்டுவோம்? இறைவன் தம் கதிரவனை எல்லார்மேலும்தானே உதிக்கச் செய்கிறார்?

விசுவாசத்தின் அளவைப் பற்றி ஆண்டவர் பேசியதும் உண்டு. மலையைப் பெயர்க்க மலையளவு விசுவாசம் வேண்டும் என்றா சொன்னார்? கடுகளவு போதும் என்றார். அப்படியிருக்க, "உன் விசுவாசம் போதாது" என்று பிறரை நிறுத்துப் பார்க்கும் தராசு நம் கைக்கு எப்படி வந்தது? பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று வினவினர். இரண்டும் இல்லை என்பதே ஆண்டவர் தந்த மறுமொழி. கெத்சமனித் தோட்டத்தில் அவரே துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென்று மன்றாடினார். அது அகலவில்லை. மறுநாள் கல்வாரி! அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று கூறத் துணிவார் உண்டோ?

நம் தமிழ் மண்ணின் சான்று ஒன்றும் உண்டு. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளையின் குடும்பத்துக்கு அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. அவரது துயரைக் கண்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் அவருக்கு எடுத்துரைத்தது வெற்றி வீரர் ஒருவரின் கதையன்று. அனைத்தையும் இழந்த யோபுவின் கதையே. நீலகண்டர் 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்பு அவருக்கு வந்தது பதவி உயர்வா? பதவி போயிற்று, சிறையும் அடியும் வந்தன, 1752ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகக் கணக்கில் இது படுதோல்வி. திருச்சபையோ 2022ஆம் ஆண்டு அவரைப் புனிதர் என்று உயர்த்தியது. விசுவாசம் வேறு, வெற்றி வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒவ்வோர் ஊரிலும் ஏதோ ஒரு வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே ஒரு பெண் தலையணையில் முகம் புதைத்து அழுகிறாள். வெளியே உறவினர், "ஒழுங்காக ஜெபித்தாயா? பூசையைத் தவறவிட்டாயோ?" என்று வினவுகின்றனர். ஏற்கெனவே மதிப்பெண்ணை இழந்தவளிடமிருந்து கடவுளையும் பறித்துவிடுகிறது அக்கேள்வி! பாடத்தில் தோற்றவள், இறைவனும் தன்னைக் கைவிட்டார் என்று எண்ணத் தொடங்கினால் அந்த இருளில் அவள் எங்கே செல்வாள்? ஆறுதல் என்று நினைத்து நாம் வீசும் சொல், விழுந்தவள்மேல் விழும் கல்லாகி விடலாமா?

அப்படியானால் ஜெபத்தை விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம்! "ஜெபமே ஜெயம்" என்று நம்மைப்பற்றி நாம் நன்றியோடு கூறினால் அது ஜெபம். பிறர் தோல்வியைக் கண்டு கூறினால் அது தீர்ப்பு. தீர்ப்பிடும் அதிகாரம் நமக்கு அளிக்கப்படவில்லை. ஜெபம் வெற்றிக்குக் கொடுக்கும் விலையன்று. வென்றபோது தலைக்கனம் ஏறாமலும், தோற்றபோது தலை சாயாமலும் நம்மைத் தாங்கும் கரம் அது. தேர்வுக்கு முன் ஜெபிப்போம். நன்றாகப் படித்துவிட்டு ஜெபிப்போம். முடிவு எதுவாயினும் மறுநாளும் ஜெபிப்போம்.

யோபுவின் நண்பர்கள் அவனைக் காண வந்தபோது ஏழு நாள், இரவும் பகலும், ஒரு சொல்லும் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து, உன் பாவமே இதற்குக் காரணம் என்று விளக்கத் தொடங்கியபோதுதான் கெட்டது! இறுதியில் இறைவனின் சினம் அவர்கள்மேல்தான் மூண்டது. அன்புத் தோழியரே, இவ்வாண்டு முடிவு வெளியாகும்போது நம்மில் ஒருத்தி தோற்க நேர்ந்தால், அவள் வீட்டுக்குச் செல்வோம். வாசகம் எதுவும் எடுத்துச் செல்ல வேண்டாம். அருகில் அமர்வோம். அவள் அழுது ஓய்ந்தபின், துணைத் தேர்வுக்கான பாடப் புத்தகத்தை அவளோடு சேர்ந்து திறப்போம்.