பால்வாடிக்கு ஓர் அன்னக்கூடைத் தண்ணீர்

தண்ணீரின் அருமை ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையூர்த் தாய்மார்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. செய்யாறும் கமண்டல நாகநதியும் இந்த ஜவ்வாது மலையில்தான் பிறக்கின்றன. ஆனாலும் மலையில் பெய்யும் மழை மலையில் தங்குவதில்லை. கோடை முற்றினால் கிணற்றுக்கும் ஊற்றுக்கும் குடம் தூக்கி நடக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், பால்வாடிப் பிள்ளைகள் தண்ணீரில் விளையாட வேண்டும் என்று சொன்னால் ஒரு தாய்க்குக் கோபம் வருவது நியாயம்.

நாம் கேட்பது ஓர் அன்னக்கூடைத் தண்ணீர். பத்து லிட்டர் இருந்தால் போதும். அதுவும் தினமும் அல்ல, வாரத்தில் இரண்டு நாள். விளையாடி முடித்ததும் அந்தத் தண்ணீர் மையத்தின் முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் போகட்டும்; ஒரு சொட்டும் வீணாக வேண்டியதில்லை.

மூன்று வயதுப் பிள்ளையிடம் ஒரு கொட்டாங்குச்சியையும், கணுவோடு அறுத்த மூங்கில் குழாய்கள் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். முதலில் கொட்டும், அப்புறம் மொள்ளும். நெட்டையான குழாயில் ஊற்றியதைக் குட்டையான குழாயில் மாற்றும், வழிந்தால் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும், மறுபடி ஊற்றும். ஒரே அளவு தண்ணீரை ஒடுங்கிய பாத்திரத்தில் ஊற்றினால் அதிகம் என்றும், அகன்ற பாத்திரத்தில் ஊற்றினால் குறைவு என்றும் இந்த வயதுப் பிள்ளைகள் நம்புவதை ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் சோதித்துக் காட்டினார். பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான் அந்த எண்ணம் மாறுகிறது. மொண்டு ஊற்றும் கைக்கு அந்த அறிவு எளிதில் வசப்படும். வீட்டில் சாமையைப் படியால் அளப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இது அந்நியமான பாடமே இல்லை.

கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, கற்களின் மேல் சாய்த்து வைத்தால் வாய்க்கால். கல்லை உயர்த்தினால் தண்ணீர் ஏன் வேகமாக ஓடுகிறது என்று பிள்ளைகளே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பலாக்கொட்டை, காய்ந்த சுரைக்குடுக்கை, ஒரு கூழாங்கல், ஒரு சருகு: எது மிதக்கும், எது முழுகும் என்று போடுவதற்கு முன்பே அவர்களைச் சொல்லச் சொல்ல வேண்டும். நுனி நைத்த ஈச்சமட்டைத் துண்டைத் தண்ணீரில் தோய்த்துச் சுவரில் கோடு இழுக்கலாம். வெயிலில் அது காய்வதற்குள் அடுத்த கோடு. எழுதுகோல் பிடிக்கப் போகும் விரலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது, ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் செலவும் ஆகாது. பெரிய பிள்ளைகள் காட்டாமணக்குக் காம்பை ஒடித்துக் குமிழ் ஊதுவார்கள். அதன் பால் நஞ்சு. சின்னவர்கள் பக்கம் அதை விடவே கூடாது. புளியங்கொட்டையும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

மலைப்பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் கோஸ்பாட் மலையை நினைத்துப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் போர்டியில் 1945-ல் தாராபாய் மோடக் தொடங்கிய குழந்தைக் கல்விப் பணி, 1957-ல் வார்லி பழங்குடியினர் வாழும் அந்த மலைக்கு இடம்பெயர்ந்தது. அவரும் அவருடன் பணியாற்றிய அனுதாய் வாக்கும் விலையுயர்ந்த மாண்டிசோரி கருவிகளைத் தேடிக் காத்திருக்கவில்லை. இலையும் கல்லும் விதையும்தான் அங்கே கருவிகள். பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனார்கள் என்றால் பள்ளியும் மேய்ச்சல்வெளிக்குப் போனது. அங்கன்வாடி என்ற எண்ணமே அவர்களின் பணியில் உருவானதுதான். மலைக்குப் பொருந்தாத ஒன்றை நாம் இங்கே கொண்டுவரவில்லை.

பயம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். உலகில் நீரில் மூழ்கி இறப்பவர்களில் நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில அங்குலத் தண்ணீர் போதும் ஒரு சின்ன உயிரைப் பறிக்க. எனவே தண்ணீர் வெளியே இருக்கும் அரை மணி நேரமும் பெரியவர் ஒருவரின் கண் அதன் மேலேயே இருக்க வேண்டும். முடிந்த கையோடு பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்த பாத்திரத்தில் கொசுவும் முட்டையிடாது.

அந்தக் கண் யாருடையது என்பதுதான் கேள்வி. டீச்சர் பிள்ளைகளை எடை போட வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் பதிவேற்ற வேண்டும். ஆயம்மா அடுப்படியில் இருப்பார். இவர்கள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டிவிட்டு நாம் நல்ல யோசனை சொன்னோம் என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. மகளிர் குழுவிலிருந்து ஒருவர், அல்லது காட்டு வேலைக்குப் போகாத ஒரு பாட்டி, முறைவைத்து வந்து உட்காரலாம். மூங்கில் வெட்டிக் கொடுப்பது அப்பன்மார் வேலை. ஊர்க்கவுண்டர் ஒரு வார்த்தை சொன்னால் முறை தவறாது. மார்கழிக் குளிரில் வேண்டாம். ஆடி முதல் புரட்டாசி வரை, வெயில் ஏறிய பதினோரு மணிவாக்கில் நடத்தலாம். பிள்ளை சட்டையை நனைத்துக்கொண்டு வந்தால் டீச்சரிடம் சண்டைக்குப் போகாமல், காலையிலேயே மாற்றுச் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புவது அம்மாவின் பங்கு.

குழாயில் தண்ணீர் வர வைப்பது ஊராட்சியின் பங்கு, அதில் சமாதானத்துக்கு இடமில்லை. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2-ல். எல்லாப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் குழாய்த் தண்ணீர் என்று ஜல் ஜீவன் திட்டத்தில் 100 நாள் இயக்கம் தொடங்கியது 2020-ல், அதே தேதியில். கிராம சபை கூடும் நாளும் அதுவே. ஜவ்வாது மலையின் ஒவ்வோர் ஊராட்சியிலும் வரும் அக்டோபர் 2 அன்று யாராவது ஒருவர் எழுந்து, “நம்ம பால்வாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா?” என்று கேளுங்கள். வரவில்லை என்றால், என்றைக்குள் வரும் என்ற தேதியோடு அதைத் தீர்மானமாக எழுத வையுங்கள்.