போதிகைக்கு அங்கே என்ன வேலை?

செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் தூண்களில் போதிகைகள் இருக்கின்றன. மரத்தால் கட்டிய காலத்தில் போதிகைக்கு ஒரு வேலை இருந்தது. உத்தரத்தின் பாரத்தை வாங்கித் தூணின் தலைக்கு இறக்கித் தருவது அது. ஒரே பாறையைக் குடைந்து மண்டபம் எடுக்கும்போது தூணும் போதிகையும் உத்தரமும் ஒரே கல்தான். பொருத்துவதற்கு மூட்டு என்று ஒன்று கிடையாது. ஆனாலும் சிற்பி அதைச் செதுக்கினான். அதே அரசன் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டு வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்கிறான். எதெல்லாம் இல்லை என்று பட்டியல் போடுவதிலேயே அந்தப் பெருமை இருக்கிறது. மரத்தை விட்டவன் மரத்தின் வடிவத்தை விடவில்லை என்பதுதான் வேடிக்கை. சீயமங்கலத்துத் தூணொன்றில் ஆடும் சிவன், தமிழ்நாட்டுக் கற்சிற்பங்களில் மிகப் பழைய நடராச வடிவங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறான். பழைய பொருளின் வடிவத்தைக் கடன் வாங்கித் தொடங்கிய கை, புதிய பொருளில் தனக்கென்று ஒன்றையும் செய்துவிட்டது.

இந்தப் போதிகையை மனத்தில் வைத்துக்கொண்டு தல்வின் சிங்கின் ‘ஓகே’ என்ற இசைத்தட்டைப் பற்றிப் பேசலாம். 1998இல் வெளியாகி, 1999இல் பிரிட்டனின் மெர்குரி பரிசைப் பெற்றது. அந்த ஆண்டுப் பட்டியலில் பிளர், கெமிக்கல் பிரதர்ஸ் போன்ற பெரிய பெயர்கள் இருந்தன. லண்டனில் பிறந்து, பஞ்சாபுக்குப் போய்த் தபலா கற்ற ஒருவர், டிரம் அண்ட் பேஸ் என்ற மின்னிசை வகையில் செய்த தட்டு இது. சுல்தான் கானின் சாரங்கி, ஒகினாவா தீவின் நேனேஸ் பெண்களின் குரல், ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூயிச்சி சகமோட்டோ எல்லாம் இதில் உண்டு. நம்மூரில் இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: ஒன்று ‘கிளப் இரைச்சல்’, அல்லது ‘ஃபியூஷன்’. இரண்டுமே கேட்காமல் சொல்வது. டிரம் அண்ட் பேஸ் அடிப்படையில் ஒரு லயக் கலை. அதை எடைபோட வேண்டிய படிக்கல் தமிழ்க் கேள்வியரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் வாதம்.

அது செய்யப்படும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1969இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழு ‘ஆமென், பிரதர்’ என்று ஒரு பாட்டைப் பதிந்தது. நடுவில் மற்றக் கருவிகள் ஒதுங்க, கிரிகரி கோல்மன் என்ற டிரம்மர் மட்டும் நான்கு சுற்று வாசிக்கிறார். ஏறக்குறைய ஏழு விநாடி வரும் இந்தத் தனி வாசிப்பைப் பிரேக் என்பார்கள். ஒலித்துண்டுகளைப் பதிந்து சாவிப்பலகையில் ஏற்றித் தரும் சாம்ப்ளர் கருவி எண்பதுகளில் மலிந்ததும், லண்டன் இளைஞர்கள் இந்த ஏழு விநாடியை எடுத்துக் கூறு போட்டார்கள். டிரம் செட்டின் கிக் ஒரு துண்டு, ஸ்னேர் ஒரு துண்டு, ஹை-ஹேட் ஒரு துண்டு. பிறகு அவற்றை வேறு வரிசையில், நிமிடத்துக்கு 160, 170 தட்டு வேகத்தில் அடுக்கினார்கள். கீழே பேஸ் அதில் பாதி வேகத்தில் நடக்கும். ஆங்கில விமரிசகர்கள் இந்த இரட்டை வேகத்தைப் பெரிய புதுமையாக எழுதினார்கள். நமக்கு அது கீழ்க்காலமும் மேல்காலமும் ஒருசேர ஓடுவது. பல்லவி பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் திகைக்க எதுவும் இல்லை. கோல்மனின் அந்த நான்கு சுற்றையே பாருங்கள். முதல் இரண்டும் நேர்நடை. மூன்றாவதில் ஒரு ஸ்னேர் அடி அரைத்தட்டு தள்ளி விழுகிறது. நான்காவதில் முதல் தட்டே காலி. அதைத் தாண்டித்தான் எடுப்பு. தாளம் தொடங்கிய பின் பாட்டைத் தொடங்குவதை நம்மவர்கள் அனாகதம் என்பார்கள். உலகத்தில் எத்தனையோ டிரம் வாசிப்புகள் பதிவாகியிருக்க, இந்த ஏழு விநாடி இவ்வளவு இளைஞர்களைப் பித்துப் பிடிக்க வைத்ததில் அந்தக் காலித் தட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

முதல் தடை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: இதில் கை எங்கே? மிருதங்க வித்வானின் தனி ஆவர்த்தனத்தில் விரல் இருக்கிறது, வியர்வை இருக்கிறது, பாடகரின் முகத்தைப் பார்த்து அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவு இருக்கிறது. இயந்திரத்தில் அடுக்கியதில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியில் பாதி நியாயம். பாடகரோடு நடக்கும் அந்த உரையாடல் இசைத்தட்டில் இல்லை; அந்த இழப்பு மெய்யானது. ஆனால் கையே இல்லை என்பது தவறு. கோல்மனின் மணிக்கட்டு ஒவ்வொரு துண்டிலும் இருக்கிறது. இயந்திரத்தின் சம அளவான தட்டு போதுமென்றால் பழைய இசைத்தட்டை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ‘ஓகே’யில் தபலா வாசிப்பதும் தல்வின் சிங்தான். நம் மரபில் கணக்கு வேறு, வாசிப்பு வேறு என்ற பாகுபாடும் பழையது. கோர்வையை முதலில் வாயால் சொல்கிறார்கள். பிறகுதான் தோலில் விழுகிறது. தோலே இல்லாமல் நிற்கும் கொன்னக்கோலை லயக் கலை என்று ஒப்புக்கொண்ட பின், சாம்ப்ளரை மட்டும் வாசலில் நிறுத்துவது எப்படி?

இந்த இசை பழைய வடிவத்தைப் பின்பற்றுவதோடு நின்றிருந்தால் இதைப் பேசவே வேண்டியதில்லை. 1992இல் டிரம் அண்ட் பேஸ் கலைஞர் கோல்டி செய்த ‘டெர்மினேட்டர்’ பாட்டில், டிரம் வாசிப்பு முழுவதன் சுருதியும் ஏறுகிறது, வேகம் மாறுவதில்லை. உடுக்கையின் கயிற்றை அழுத்தி ஒரு நாதத்தை வளைக்கலாம். ஒரு டிரம் செட் முழுவதையும் அப்படி வளைக்க எந்தக் கையாலும் ஆகாது. ஸ்குவேர்புஷர் என்ற பெயரில் இயங்கும் டாம் ஜென்கின்சன், தானே தேர்ந்த பேஸ் கிதார் கலைஞர், 1997இல் வெளியிட்ட ‘ஹார்ட் நார்மல் டாடி’யில் ஒரு ஸ்னேர் அடியை வீசம், அரைவீசமாக அரிந்து வைக்கிறார். அங்கே அடி என்பது உருளும் நாதமாகி விடுகிறது. போதிகை தன் வேலையை மறந்து சிற்பமாகும் இடம் அது.

இரண்டாவது தடை லயம் அறிந்தவர்களிடமிருந்து வரும், அதனால் கனமானது. இந்த இசை ஏறக்குறைய எப்போதும் நான்கில்தான் நடக்கிறது. மிச்ரம் எங்கே, கண்டம் எங்கே? உண்மை. நடைபேதம் அரிது; நல்ல தவில்காரர் ஒரு மணி நேரத்தில் காட்டும் கணக்கு பத்து இசைத்தட்டுகளைத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் நம் தனிகளிலும் பெரும்பங்கு ஆதி தாளத்தில்தானே நடக்கிறது? எண்ணிக்கை எட்டு என்பதால் யாரும் அதை எளிது என்று சொல்வதில்லை; அதற்குள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்க்கிறோம். பதினாறு மாத்திரையைத் தகிட தகிட தகிட தகிட தகதிமி என்று பிரித்து, நான்கின் மேல் மூன்றை ஓட்டுவது இந்த இசையின் அன்றாடப் பழக்கம். சிக்கனமான கணக்கு, ஆனாலும் கணக்குதான். (மகேந்திரவர்மனுக்குச் சங்கீர்ணஜாதி என்றொரு பட்டம் உண்டு. அதை வைத்து அவனை ஒன்பது மாத்திரை ஜாதியின் கண்டுபிடிப்பாளன் ஆக்குவோர் இருக்கிறார்கள். பட்டப்பெயரிலிருந்து இவ்வளவு கறக்கக் கூடாது.)

திருட்டு என்ற மூன்றாவது குற்றச்சாட்டுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. கோல்மனின் ஏழு விநாடி ஆயிரக்கணக்கான பாட்டுகளில் புகுந்தது. அவருக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடற்றவராக இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்த தொகை சுமார் 24,000 பவுண்டு. இது அநீதிதான். ஆனால் நம் திரைப்பாட்டுத் தட்டின் உறைகளைப் புரட்டிப் பாருங்கள். பம்பையும் பறையும் தவிலும் வாசித்தவர் பெயர் எத்தனை உறையில் அச்சாகியிருக்கிறது? பெயரை மறைத்த குற்றம் கருவியுடையது அல்ல, கணக்கு எழுதியவர்களுடையது.

கடைசியாக, ‘ஓகே’ வெள்ளைக்காரக் காதுக்குக் கட்டிக்கொடுத்த மசாலாப் பொட்டலம் என்ற சந்தேகம். இவ்வகை இசைக்கு ‘ஆசியன் அண்டர்கிரவுண்ட்’ என்ற முத்திரையைப் பத்திரிகைகள் எவ்வளவு வேகமாக ஒட்டினவோ அவ்வளவு வேகமாகக் கிழித்தும் போட்டன. 2001இல் வந்த தல்வின் சிங்கின் அடுத்த தட்டு ‘ஹா’வுக்கு அந்தக் கவனிப்பு இல்லை. ‘ஓகே’யிலும் சில பாட்டுகள் உணவகத்தின் பின்னணிக்குப் பொருத்தமானவைதான்; மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த இசை பிறந்த இடம் வேறொன்றைச் சொல்கிறது. லண்டன் ஹாக்ஸ்டன் பகுதியில் புளூ நோட் என்றொரு கூடம். ஞாயிறு இரவு அங்கே கோல்டியின் மெட்டல்ஹெட்ஸ் நிகழ்ச்சி. திங்கள் இரவு அதே கூடத்தில் தல்வின் சிங்கின் அனோகா. ஞாயிறு கேட்ட பிரேக்குக்குத் திங்கள் தபலாவால் பதில் சொல்லும் தூரம்தான் இரண்டுக்கும் இடையே. பிறருடைய வீட்டுக்குக் கொண்டுபோன பலகாரம் இல்லை இது, ஒரே அடுப்பில் மாறி மாறி வைத்த உலை. தபலா இங்கே மேலே தூவியதாக ஒலிக்கவில்லை. பிரேக்கின் துண்டுகளுக்கு இடைப்பட்ட காலியிடங்களில் அதன் சொற்கள் உட்காருகின்றன. ‘பட்டர்ஃபிளை’யில் இது நன்றாகத் தெரியும்.

கேட்க உட்காரும்போது கண்ணை மூட வேண்டாம், தாளம் போடுங்கள். பேஸைக் கீழ்க்காலமாக வைத்துத் தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு, மேலே ஓடும் துண்டுகளை வாயால் சொல்ல முயலுங்கள். இரண்டாவது ஆவர்த்தனத்தில் தவறும். அதன் பிறகு இரைச்சல் என்று சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள்.