அதே ஆறு, அதிக ஆற்றல்!



கரிவலம்வந்தநல்லூர்க் கிணற்று மோட்டாரும், சங்கரன்கோவில் விசைத்தறியும் மின்சாரம் கேட்கின்றன. உடனே, "புதிய அணை எங்கே?" என்கிறோம். பொதிகையடிப் பாபநாசத்தைப் பாருங்கள்! 1944-இல் உற்பத்தி தொடங்கிய நீர்மின் நிலையம். நான்கு எந்திரங்கள், ஒவ்வொன்றும் 7 மெகாவாட். புதுப்பித்தபின் ஒவ்வொன்றும் 8. 28 மெகாவாட் 32 ஆயிற்று! அதற்கெனக் காடு மூழ்கவில்லை, குடிசை பெயரவில்லை. சுழற்றிய நீரும் வழக்கம்போல் தாமிரபரணி வயல்களுக்கே பாய்கிறது.

விந்தையன்று, விஞ்ஞானம்! தேய்ந்த சுழலியை மாற்றினால் அதே நீர் மிகுந்த விசை தரும். நைந்த கம்பிச்சுருளை மாற்றினால் அதே மின்னாக்கி மிகுந்த சுமை தாங்கும்.

நான்கு மெகாவாட் அற்பமா? புது அணைக்கு அடிக்கல் உண்டு, மாலை உண்டு. பழுதுபார்ப்புக்குக் கல்வெட்டு இல்லை. அதனாலன்றோ பழைய எந்திரங்கள் முறைக்காகக் காத்துக் கிடக்க நேர்கிறது!

இருப்பதைச் செப்பனிடு, பிறகு இல்லாததைக் கட்டு! இதுவே நம் கோரிக்கையாகட்டும்!