ரசீது கேட்டால் கோபம் வருமா?



1844இல் நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் ஒருவனை இலண்டன் பொலிஸ் நீதிமன்றத்தில் நிறுத்தினார். உருக்கமாகக் கடிதம் எழுதிக் காசு கறப்பதே அவன் பிழைப்பு. ஒரு தடவை கழுதைகூடக் கேட்டிருந்தான்! நீதவானோ, இத்தனை அழகாக எழுதுகிறவனா என்று மெச்சி அவனை விட்டுவிட்டார். போதாததற்கு அவனுக்காகப் பணமும் திரட்டினார்கள். டிக்கன்ஸ் இதையெல்லாம் 1850இல், தாம் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழில் எழுதித் தீர்த்தார்.

அதற்காக அவர் கையை மூடிக்கொள்ளவில்லை. செல்வச் சீமாட்டி ஏஞ்சலா பர்டெட் கூட்ஸுக்கு உதவி கேட்டுக் குவிந்த கடிதங்களை டிக்கன்ஸே விசாரித்து, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம் என்று எழுதி அனுப்பினார். நாவலாசிரியருக்கு இது வேண்டாத வேலைதான். ஆனால் பொய்க்காரன் வாங்கிப்போவது உண்மையான ஏழையின் பங்கு என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இலண்டன் கதை இருக்கட்டும், நம் மலையகத் தோட்டங்களில் பணம் சேர்ப்பது புதிதா? கோயில் திருவிழாவுக்குச் செக்ரோலில், சம்பளத்திலிருந்தே பிடிக்கிறார்கள். முடிந்ததும் கணக்கு வாசிக்கும்போது கற்பூரப் பாக்கெட்டுக்கும் கேள்வி எழும். அதே நாம், பதுளை பஸ் நிலையத்தில் யாராவது நோயாளிப் பிள்ளையின் படத்தோடு உண்டியலை நீட்டினால் வாய் திறப்பதில்லை. வட்ஸ்அப்பில் வரும் கணக்கிலக்கத்தையும் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது உடுப்பும் அரிசியும் லொறி லொறியாக வந்தன. ஆனால் வீடிழந்தவர்களுக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் கைக்கு வந்தது 2016இல்தான். முதல் வாரத்துக் கண்ணீர் காய்ந்த பிறகு வருகிற அந்த நீண்ட காலத்துக்குத்தான் பணமும் வேண்டும், கணக்கும் வேண்டும்.

ஆகவே கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்ட்? வங்கிக் கணக்கு யார் பெயரில்? கிராம சேவகரின் கடிதம் உண்டா? தொண்டு நிறுவனம் என்றால் பதிவு எங்கே? பிள்ளைக்காக அலைகிற தகப்பன் கோபப்படமாட்டான், ஃபைலையே விரித்துக் காட்டுவான்.

ஒன்று, காகிதம் இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் கள்ளன் ஆக்கிவிடாதீர்கள். லயத்து வாசலுக்கு ஒழுங்கான விலாசமே இல்லாமல் வாழ்ந்த சனம் நாம். தோட்டத் தலைவருக்கோ பக்கத்து லயத்துக்கோ ஒரு கோல் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

உதவி வேண்டி இந்த இதழுக்கு எழுதுகிறவர்களும், நாங்கள் பேசக்கூடிய ஒருவரின் பெயரைத் தோட்டத்திலிருந்து சேர்த்து அனுப்புங்கள். விசாரித்த பிறகே வெளியிடுவோம். அதனால் ஓர் இதழ் பிந்தலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்