பாரிஸிலிருந்து அடையாற்றுக்கு

தமிழ் இலக்கிய வட்டாரங்களில் 'வளர்ச்சி' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. கோப்பு, குழு, புள்ளிவிவரம், விமானப் பயணம் இவற்றின் கூட்டுத்தொகையாகவே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் பன்னாட்டு அமைப்பொன்றில் உயர்பதவி வகித்த ஒருவரைப் பற்றி இங்கே எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் மால்கம் ஆதிசேஷையாவை மறந்திருப்பதால் இழப்பு நமக்குத்தான் என்பது என் எண்ணம்.

1910இல் வேலூரில் பிறந்த ஆதிசேஷையா, லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளியல் பயின்றவர். 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1940 முதல் 1946 வரை பொருளியல் பேராசிரியராக இருந்தார். 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்குக் கல்வி உதவி சென்று சேர வழி செய்தது அவருடைய முதன்மையான பணிகளில் ஒன்று.

இதுவரை சொன்னது ஒரு வெற்றிகரமான உத்தியோக வரலாறு மட்டுமே. அதற்குப் பின் நடந்ததுதான் என்னை ஈர்க்கிறது. ஓய்வு பெற்றபின் ஐரோப்பாவிலேயே வசதியாகத் தங்கியிருக்கக் கூடியவர், 1971இல் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து, தம் சொந்தப் பொருளைக் கொண்டு அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். உலகம் முழுவதையும் கண்டு வந்தவர் தமிழகத்தின் வறுமையையும் வேளாண்மையையும் ஆராய ஓர் இடம் அமைத்தார். 1977இல் அது தேசிய அளவிலான நிறுவனமாயிற்று. தாம்பரம் கல்லூரியிலிருந்து சி.டி. குரியன் அங்கு இயக்குநராக வந்தார். தமிழக அரசின் நிதித்துறைச் செயலராக இருந்த எஸ். குகனும் வந்து சேர்ந்தார். 1910களில் கில்பர்ட் ஸ்லேட்டரின் முயற்சியால் ஆராயப்பட்ட இருவேல்பட்டு கிராமத்துக்குக் குகன் மீண்டும் சென்று, அங்கே என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுதினார். பதவியில் இருந்தபோது கோப்பில் கண்ட ஊரைப் பதவி முடிந்தபின் நேரில் சென்று பார்க்கும் அதிகாரிகள் எத்தனை பேர்?

ஆதிசேஷையாவுடன் எனக்கு முரண்பாடும் உண்டு. கல்வியை நாட்டின் பொருளாதார முதலீடாகக் காணும் பார்வையை வலியுறுத்தியவர்களில் அவர் ஒருவர். 1965 தெஹ்ரான் மாநாட்டுக்குப் பின் யுனெஸ்கோ பதினொரு நாடுகளில் நடத்திய எழுத்தறிவுத் திட்டம், படிப்பைத் தொழில் உற்பத்தியோடு பிணைத்தது. அந்தப் பார்வை குறுகலானது என்பதை 1976இல் வெளியான மதிப்பீடே பெருமளவு ஒப்புக்கொண்டது. எழுத்தறிவு விளைச்சலைக் கூட்டுவதற்கு மட்டுமன்று என்பதைப் புதுக்கோட்டைப் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் காட்டினார்கள். பாட்டும் வீதி நாடகமும் மிதிவண்டியுமாக அவர்கள் கற்றது எந்த முதலீட்டுக் கணக்கிலும் அடங்காது. ச. தமிழ்ச்செல்வன் போன்ற எழுத்தாளர்கள் அந்த இயக்கத்தில் உழைத்ததும் அதனால்தான்.

அதைவிடப் பெரிய குறை மொழி. அவர் துணைத் தலைமை இயக்குநராக இருந்த காலத்தில், 1967இல், 'யுனெஸ்கோ கூரியர்' தமிழிலும் வரத் தொடங்கியது. மணவை முஸ்தபா நெடுங்காலம் அதன் ஆசிரியராக இருந்து அறிவியல் தமிழை வளர்த்தார். பாரிஸின் சிந்தனை தமிழுக்கு வந்தது. ஆனால் அடையாற்றின் சிந்தனையில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. இருவேல்பட்டைப் பற்றிய ஆய்வை இருவேல்பட்டுக்காரர் தம் மொழியில் படிக்க முடியவில்லையென்றால், அந்த ஆய்வு யாருக்காக?

1994இல் மறைந்தவர் மீது இந்தப் பழியைச் சுமத்துவது முறையாகாது. கொள்கை வகுப்போரிடம் அவர்கள் மொழியில் பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. நமக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. லத்தீன் அமெரிக்க நாவல்களைத் தேடித்தேடி மொழிபெயர்க்கும் சிற்றிதழ்கள், ஆண்டுக்கு ஒரு முறையேனும் குகனின் ஒரு கட்டுரையையோ குரியனின் ஓர் அத்தியாயத்தையோ நல்ல தமிழில் வெளியிடலாம். நம் கதைகளில் வரும் கிராமங்களைப் பற்றித்தான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள்.