மூளையைக் காக்கும் படையே மூளையைத் தாக்குமா? அல்ஸைமரும் `ட்ரெம்2' புரதமும்!

`அல்ஸைமருக்கு மருந்து வந்தாச்சு', `ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிச்சிடலாம்'னு உங்க போன்ல அடிக்கடி செய்தி வந்து விழுந்திருக்கும். `அப்போ இனி பிரச்னை இல்லை'ன்னு ஸ்க்ரோல் பண்ணிப் போயிருப்பீங்க. ஆனா, நிலவரம் அவ்வளவு சிம்பிள் இல்லை. அது ஏன்னு புரியணும்னா, `ட்ரெம்2' என்கிற புரதத்தைத் தெரிஞ்சுக்கணும்.

உலகம் முழுக்க 5.5 கோடிக்கும் அதிகமானோர் டிமென்ஷியாவுடன் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 முதல் 70 சதவிகிதம் அல்ஸைமர். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நம்ம வீட்டுப் பெரியவர்களும் இந்த வயசுலதான் இருக்காங்க.

குப்பையும் துப்புரவுப் படையும்

1906-ல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர், மறதியால் அவதிப்பட்டு இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்தார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள். உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். படிவு, அமிலாய்டு புரதம். இழை, டௌ புரதம் என்பது பிறகு தெரிந்தது. ரொம்ப காலம் ஆராய்ச்சி இந்த ரெண்டு குப்பையைச் சுத்தியேதான் நடந்தது. `சரி, குப்பையை அள்ள வேண்டியவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?' என்ற கேள்வி பெருசா எழுந்தது பின்னாடிதான்.

அந்த வேலையைச் செய்பவை `மைக்ரோகிளியா' செல்கள். மூளையின் நோய் எதிர்ப்புப் படை. இவற்றின் மேற்பரப்பில் இருக்கும் சென்சார்தான் ட்ரெம்2. கொழுப்பு, அமிலாய்டு போன்றவை மேலே பட்டதும் அது செல்லுக்குள் சிக்னல் அனுப்பும். உடனே மைக்ரோகிளியா திரண்டு வந்து, படிவைச் சுற்றி வேலி கட்டி, முடிந்ததை விழுங்கும்.

2012 இறுதியில் வெளியான இரண்டு மரபணு ஆய்வுகள், ட்ரெம்2-வில் ஒரு அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு அல்ஸைமர் ஆபத்து சுமார் 2 முதல் 4 மடங்கு அதிகம் என்று காட்டின. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் செயலிழந்த ட்ரெம்2 மரபணு வந்தால், `நாசு ஹகோலா' என்ற அபூர்வ நோய் வருகிறது. நடுத்தர வயசுலேயே டிமென்ஷியா! இந்த ஒரு புரதம் எவ்வளவு முக்கியம்னு இப்போ புரியுதா?

அப்போ ட்ரெம்2-வைத் தூண்டிவிட்டா போதுமே?

அங்கதான் சிக்கல். வேலை முடிந்தும் அடங்காத படை, அழற்சி ரசாயனங்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நல்ல நரம்பு இணைப்புகளையும் சேர்த்து விழுங்கும். எலிகளில் நடந்த ஆய்வுகளில், அமிலாய்டு சேரும் கட்டத்தில் ட்ரெம்2 பாதுகாப்பு தந்தது. டௌ பாதிப்பு உள்ள சில எலிகளிலோ, ட்ரெம்2 இல்லாதபோதுதான் சேதம் குறைந்தது. அதே படை ஆரம்பத்துல நண்பன், அப்புறம் வில்லன்.

ட்ரெம்2-வைத் தூண்டும் ஏஎல்002 என்ற மருந்து, ஆரம்பக்கட்ட அல்ஸைமர் உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டது. நோயின் வேகத்தை அது குறைக்கவில்லை என்று 2024 நவம்பரில் முடிவு வந்தது.

சரி, அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி பெற்ற லெகனெமாப்? அது அமிலாய்டை அகற்றும் மருந்து. 18 மாத சோதனையில், நோய் மோசமாகும் வேகம் 27 சதவிகிதம் குறைந்தது. கேட்க பெருசா இருக்கும். 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் வெறும் 0.45. மருந்து எடுத்தவர்களில் 100-ல் சுமார் 13 பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. அதுவும் ஆரம்பக்கட்ட நோயாளிகளுக்கு மட்டுமே. 2025 மே மாதம் அமெரிக்கா அனுமதித்த ரத்தப் பரிசோதனையும், அறிகுறி உள்ள 55 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான். ஆரோக்கியமானவங்க `சும்மா ஒரு டெஸ்ட்' எடுத்துப் பார்க்க இல்லை.

ஆக, குப்பையை அள்ளினால் மட்டும் போதாது. படையை உசுப்பினாலும் போதாது. எந்தக் கட்டத்தில் எதைச் செய்வது என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியின் பெரிய கேள்வி.

நாம என்ன பண்ணலாம்?

`மூளை அழற்சியைக் குறைக்கும்'னு ஆன்லைன்ல விற்கிற மாத்திரைகளை நம்பிப் பணத்தைக் கொட்டாதீங்க. உலகில் 45 சதவிகித டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்கிறது 2024-ல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை. அது பட்டியலிட்ட 14 காரணங்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகை, தனிமை எல்லாம் உண்டு. காது கேளாமையும் உண்டு. இயர்போன் வால்யூமைக் குறைக்க இன்னொரு காரணம் கிடைச்சாச்சு!

வீட்டுல பெரியவங்க கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டா, பழகின தெருவுல வழி தடுமாறினா, `வயசானா அப்படித்தான்'னு விட்டுடாதீங்க. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு இதனாலும் மறதி வரும். சிகிச்சையில் சரியாகவும் வாய்ப்புண்டு. அல்ஸைமர்தான் என்றாலும், சீக்கிரம் தெரிந்தால்தான் சிகிச்சைக்கும் குடும்பம் திட்டமிடவும் அவகாசம் கிடைக்கும். அடுத்த முறை அவங்களை பிபி செக்கப்புக்கு அழைச்சுட்டுப் போறப்போ, இந்த மறதியைப் பற்றியும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.